மூலை அறைக்குத் தேநீர்

ப்ரோனியா: ஷூவைக் கழட்ட வேண்டாம் ஐயா. ஷூவோடயே இதுக்குள்ள காலை விடுங்க.

வித்தோல்ட்: இதுக்குள்ளயா? ரெண்டு பேர் கால் போகும் போல இருக்கே.

ப்ரோனியா: கம்பளிச் செருப்பு அப்படித்தான் இருக்கும். கூடைக்கு அடியில சின்ன ஜோடி கிடக்கும், துழாவிப் பாருங்க.

வித்தோல்ட்: அம்பது வருஷப் பழசு இது. தொட்டாலே சொல்லிடுவேன். போஸ்னான்ல எனக்கு இருபது வருஷமா கம்பள வியாபாரம்.

ப்ரோனியா: எங்கம்மா தைச்சாங்க. சிப்பாய்ங்க விட்டுட்டு ஓடின கம்பளிக் கோட்டைக் கிழிச்சு.

வித்தோல்ட்: எந்த ஊர்ச் சிப்பாய்?

ப்ரோனியா: கோட்டைக் கிழிச்சப்புறம் அதையெல்லாம் யார் கேக்கறா.

வித்தோல்ட்: இப்ப இதைப் போட்டுக்க யார் வர்றாங்க?

ப்ரோனியா: வெயில் காலத்துல ஜெர்மனியிலிருந்து ஒரு பஸ் வரும். போருக்கு முன்னாடி இது அவங்க ஊர்தானே. கிழவனும் கிழவியுமா இறங்கி, இங்கதான் பொறந்தோம்னு அழுதுட்டுப் போவாங்க. அப்புறம் உங்களை மாதிரி இந்த அரண்மனையை வாங்க வர்றவங்க. அவங்க அழ மாட்டாங்க... ஓடுவாங்க.

வித்தோல்ட்: ஆரம்பிச்சிட்டீங்களா. மூணு பேர் ஓடின கதை எனக்கும் வந்து சேர்ந்துடுச்சு. நகராட்சி குமாஸ்தா காதோட காதா சொன்னார். ஒருத்தர் காரை முற்றத்துலயே விட்டுட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனாராமே?

ப்ரோனியா: நடக்கலை, ஓடினார். கார் எட்டு நாள் இங்கதான் நின்னுச்சு. கோழி உள்ள போய் முட்டை போட்டுச்சு.

வித்தோல்ட்: நான் ஓடற ஆள் இல்ல ப்ரோனியாம்மா. விக்கிறவன் கையில எதைக் காட்டறான்னு பாக்க மாட்டேன். எது மேல நிக்கிறான்னு பாப்பேன். கம்பளத்துல ஓட்டை அங்கதான் இருக்கும்.

ப்ரோனியா: விக்கிறது நான் இல்ல, நகராட்சி. நான் வெறும் சாவிக்காரி.

வித்தோல்ட்: சாவிக்காரிக்கு இதை விக்கிறதுல இஷ்டமில்லைன்னும் குமாஸ்தா சொன்னார்.

ப்ரோனியா: அவர் எதைத்தான் சொல்லலை... வாங்க. காலைத் தூக்கி வைக்காதீங்க, தேய்ச்சுக்கிட்டே வாங்க.

வித்தோல்ட்: மூணு நாளா இந்தப் பள்ளத்தாக்கைச் சுத்தறேன். கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு அரண்மனை மேலதான் விழுது. ஆறு பாத்துட்டேன். ஒண்ணுல கூரையே இல்ல, நடன மண்டபத்துக்கு நடுவுல பிர்ச் மரம் நிக்குது. ஒண்ணுல முதியோர் இல்லம். இன்னொண்ணு ஏற்கெனவே ஹோட்டல். ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்புக்கு அவன் போட்ட விலையைப் பாத்தேன், அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ப்ரோனியா: என்னன்னு?

வித்தோல்ட்: இனிமே சூப்பு குடிக்கக் கூடாது, விக்கணும்னு.

ப்ரோனியா: அப்ப இங்கயும் ஹோட்டல்தான்.

வித்தோல்ட்: இருபத்து நாலு அறை. கீழ சமையல்கட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் இருக்கே, அங்க சலவை மெஷின்.

ப்ரோனியா: அது என் வீடு.

வித்தோல்ட்: தெரியும்.

ப்ரோனியா: பதினோரு வயசுல வந்தேன். போர் முடிஞ்சதும் எங்க ஊரை ரஷ்யாக்காரன் எடுத்துக்கிட்டான். ரயில்ல ஏத்தி இங்க கொண்டு வந்து இறக்கினாங்க. இப்ப அறுபத்தெட்டு. இந்த வீட்டை விட்டு நான் போக முடியாது ஐயா.

வித்தோல்ட்: இன்னிக்கு மூணு மணிக்கு நோட்டரி ஆபீஸ்ல கையெழுத்து. அதுலேருந்து மூணு மாசம் தர்றேன். லெக்னிட்சால மக இருக்காளாமே.

ப்ரோனியா: குமாஸ்தா என் பெட்டியில எத்தனை பாவாடை இருக்குன்னு சொல்லலையா?

வித்தோல்ட்: ஒரே ஒரு விஷயம் அவருக்கே தெரியலை. இந்த விலாசத்துல யார் யார் பேர் பதிவாகி இருக்கு?

ப்ரோனியா: என் பேர்.

வித்தோல்ட்: உங்க பேர் மட்டும்தானா?

ப்ரோனியா: பூனை இருக்கு. பதிவு பண்ணலை.

வித்தோல்ட்: சிரிக்காதீங்க. என் மச்சான் ஒருத்தன் ஃப்ளாட் வாங்கினான். உள்ள ஒரு கிழவர் பேர் பதிவாகி இருந்தது, சட்டப்படி கிளப்ப முடியாது. அவர் போய்ச் சேரட்டும்னு இவன் பக்கத்து அறையில உக்காந்து பதினோரு வருஷம் அவர் இருமறதைக் கேட்டான். கடைசில இவன்தான் முதல்ல போனான். அடக்கத்துக்கு அந்தக் கிழவர் வந்திருந்தார். நல்லா திடமா நின்னார்.

ப்ரோனியா: இங்க இருமறவங்க யாரும் இல்ல... இந்த ஜன்னலுக்கு வாங்க. மூடுபனி இல்லேன்னா ஷ்னியேஷ்கா மலை உச்சி நேரா தெரியும்.

வித்தோல்ட்: பால் டம்ளருக்குள்ள பாக்கற மாதிரி இருக்கு.

ப்ரோனியா: குளம் தெரியுதில்ல? அதுக்கு அந்தப் பக்கம் பீச் மரக்காடு. மேட்டு மேல இடிஞ்ச கோபுரம். இடிஞ்சதுன்னா இடிஞ்சது இல்ல. அந்தக் காலத்துப் பிரபு இடிஞ்ச மாதிரியே கட்டச் சொன்னாராம்.

வித்தோல்ட்: இடிஞ்ச மாதிரி கட்டக் கூலி கொடுத்தாரா? அவரோட எனக்கு வியாபாரம் பண்ணக் கொடுத்து வைக்கலையே... அது என்ன, அங்க சிவப்பா மினுக்கு மினுக்குன்னு?

ப்ரோனியா: கல்லறைத் தோட்டம். நேத்து சகல புனிதர் திருநாளுக்கு ஏத்தின விளக்கு, இன்னும் அணையலை. இன்னிக்குக் கல்லறைத் திருநாள், சாயங்காலம் இன்னும் ஏத்துவாங்க.

வித்தோல்ட்: நேத்து நீங்களும் போயிருந்தீங்களா?

ப்ரோனியா: போகாம? காலையில போயிட்டு ரெண்டரைக்குத்தான் திரும்பினேன். எங்கம்மாவுக்கு நாலு விளக்கு. ஜெர்மன்காரங்க கல்லறை கேப்பாரில்லாம கிடக்கு, அதுக்கு ஒண்ணொண்ணு.

வித்தோல்ட்: பூட்டிட்டுத்தானே போனீங்க?

ப்ரோனியா: ஏன் கேக்கறீங்க?

வித்தோல்ட்: சும்மாதான்.

ப்ரோனியா: படி ஏறலாம். கைப்பிடி ஆடும், சாஞ்சுக்காதீங்க.

வித்தோல்ட்: இருங்க... இது கல்படி.

ப்ரோனியா: ஆமா.

வித்தோல்ட்: கீழயும் கல்தரை. செருப்பு எதுக்கு? மரத்தரையில கீறல் விழக் கூடாதுன்னுதானே இதைக் கொடுப்பாங்க? மேலயாவது மரமா?

ப்ரோனியா: மேல சிமென்ட். மரம் எல்லாம் நாப்பத்தஞ்சாம் வருஷக் குளிர்லயே அடுப்புக்குப் போயிடுச்சு. நல்ல ஓக் மரமாம். சிப்பாய்ங்க ஒரு மாசம் குளிர் காஞ்சாங்க.

வித்தோல்ட்: அப்ப இல்லாத மரத்தரைக்கு அம்பத்தேழு வருஷமா செருப்பு மாட்டிட்டு இருக்கீங்க.

ப்ரோனியா: தரைக்குன்னு யார் சொன்னா?

வித்தோல்ட்: பின்ன?

ப்ரோனியா: நடக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

வித்தோல்ட்: யாருக்கு?

ப்ரோனியா: ...குரலைத் தணிச்சுக்கங்க ஐயா. மேல தூங்கறாங்க.

வித்தோல்ட்: பூனையும் நீங்களும்தான்னு சொன்னீங்க.

ப்ரோனியா: பதிவைக் கேட்டீங்க, சொன்னேன். இவங்க பேர் பதிவுல இல்ல. செத்துட்டாங்கன்னு எழுதி இருக்கு.

வித்தோல்ட்: ம்... சொல்லுங்க. கேப்போம்.

ப்ரோனியா: இந்த அரண்மனையோட பெரிய சீமாட்டி. போர் முடிஞ்சு நாப்பத்தாறு கோடையில ஜெர்மன்காரங்களை எல்லாம் ஊரை விட்டே கிளப்பினாங்களே, அப்ப அவங்களுக்கு எண்பத்தெட்டு வயசு. படுத்த படுக்கை. அரை மணி நேரம் டைம், ஆளுக்கு இருபது கிலோ, எல்லாரும் முற்றத்துல நிக்கணும்னு ஆர்டர். போலீஸ்காரன் மேல ஏறிப் பாத்தான். தூக்கிட்டுப் போனா வழியில செத்துடும், விட்டுட்டுப் போனா கணக்கு உதைக்கும். என்ன பண்ணான்... லிஸ்ட்ல அவங்க பேருக்கு நேரா 'இறந்தார்'னு எழுதிட்டு இறங்கி வந்துட்டான். எங்கம்மாவைக் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள்ள புதைச்சுடுன்னான்.

வித்தோல்ட்: உயிரோடயா?

ப்ரோனியா: அவனுக்கு அது எழுத்து வேலை. எங்கம்மாவுக்குத்தான் கை வேலை. எங்கம்மா மம்முட்டி எடுக்கலை. தேநீர் போட்டு எடுத்துட்டு மேல போனாங்க. அடுத்த நாளும் போனாங்க. அதுக்கப்புறமும் போனாங்க.

வித்தோல்ட்: சரி, எப்ப செத்தாங்க?

ப்ரோனியா: எங்கம்மா சொல்லலை. நான் கேட்டப்ப எல்லாம், இப்பதான் கண் அசந்தாங்க, மெதுவா நடன்னு சொல்வாங்க. அப்புறம் இது அரசுப் பண்ணை ஆபீஸ் ஆச்சு. பிள்ளைங்களுக்குக் கோடை முகாம் ஆச்சு. எல்லாரும் செருப்புதான். பண்ணை மேனேஜர் கட்சிக்காரர், சாமியையே நம்பாதவர். அவரும் பூட்ஸ் மேல இதை மாட்டிக்கிட்டுத்தான் டிராக்டர் கணக்குப் பாத்தார். ஒரு நாள் மாட்டாம ஏறினார்.

வித்தோல்ட்: என்ன ஆச்சு?

ப்ரோனியா: மேல மணி அடிச்சுது. வேலைக்காரங்களைக் கூப்பிடற மணி. அவங்க முழிச்சுட்டாங்கன்னு அர்த்தம். அதுக்கு மேல மேனேஜர் எங்ககிட்ட எதுவும் சொல்லலை. மாற்றல் கேட்டு எழுதினார்.

வித்தோல்ட்: கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் இந்தச் செருப்பைக் கழட்டறேன்.

ப்ரோனியா: வேண்டாம் ஐயா.

வித்தோல்ட்: கழட்டியாச்சு. இதோ, ஒண்ணு... ரெண்டு... நல்லா மிதிக்கிறேன், பாருங்க.

ப்ரோனியா: ...கேட்டுதா?

வித்தோல்ட்: கேட்டுது. சின்ன மணி. ரெண்டு தடவை.

ப்ரோனியா: கீழ போயிடலாம். நான் தேநீர் வைக்கணும். நீங்க முற்றத்துப் பக்கமா அப்படியே கார் ஏறிடுங்க. முன்னாடி வந்தவங்களுக்கும் இதைத்தான் சொன்னேன்.

வித்தோல்ட்: போறேன். அதுக்கு முன்னாடி உங்க இடது காலைக் கொஞ்சம் தூக்குங்க.

ப்ரோனியா: என்னது?

வித்தோல்ட்: இடது கால். நான் மிதிக்கிறப்ப நீங்க சுவரோரமா ஒரு எட்டு நகந்தீங்க. படி ஏற ஆரம்பிச்சதுலேருந்து பாத்துட்டு வர்றேன், அந்த ஓரத்தை விட்டு வரவே இல்ல... ஆங். இது என்ன, மீன் பிடிக்கிற நரம்பா?

ப்ரோனியா: ...குளத்துல கெண்டை பிடிக்கிறது.

வித்தோல்ட்: சுவர்ல ஓட்டை போட்டு, பழைய மணிக் கம்பியில முடிச்சு. நல்ல முடிச்சு. யார் போட்டா?

ப்ரோனியா: நான்தான்.

வித்தோல்ட்: அந்த மூணு பேரும் இதுக்கா ஓடினாங்க?

ப்ரோனியா: ரெண்டு பேர் இதுக்கு. மூணாமவர் கதையிலயே ஓடிட்டார். மணி வரைக்கும் வரலை.

வித்தோல்ட்: ப்ரோனியாம்மா, நீங்க சந்தையில கடை போட்டிருக்கணும். எங்களை எல்லாம் தூக்கி முழுங்கி இருப்பீங்க.

ப்ரோனியா: கேலி பண்ணுங்க. மூணு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், என்னை மட்டும் கிளப்பாதீங்க. சம்பளம் வேண்டாம். படி கூட்டறேன், துணி துவைக்கிறேன். கீழ ஒரு ரூம் போதும்.

வித்தோல்ட்: துணி துவைக்கவா? உங்களையா? வாரத்துல ரெண்டு நாள் இதே கதை, இதே படி, இதே மணி. ஜெர்மன் பஸ் வந்தா மூணு தடவை. ரெண்டு ரூமும் உங்களுக்குத்தான். சலவை மெஷினைக் குதிரை லாயத்துல போட்டுக்கறேன்.

ப்ரோனியா: நிஜமாவா சொல்றீங்க?

வித்தோல்ட்: எழுதியே தர்றேன். ஆனா எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதுக்கு முன்னாடி ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இன்னிக்கு மூணு மணிக்குக் கையெழுத்து எல்லாம் இல்ல. முந்தாநாளே போட்டாச்சு.

ப்ரோனியா: போட்டாச்சா...

வித்தோல்ட்: வீடு என்னோடது. நேத்து பன்னெண்டு மணிக்கு என் சாவியிலயே திறந்து வந்தேன். ஊரே கல்லறையில இருந்துச்சு. யாரோட பேர் பதிவாகி இருக்கு, யாரை ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு நாமளே பாத்துடணும்னுதான். இன்னிக்கு வந்ததும் அதுக்குத்தான். நீங்களா வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பாத்தேன். நீங்க என்னடான்னா சீமாட்டிங்கறீங்க, மணிங்கறீங்க. உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கலை.

ப்ரோனியா: எனக்குப் புரியலை.

வித்தோல்ட்: நீங்க இருங்க. அந்தக் கிழவி இருக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை.

ப்ரோனியா: எந்தக் கிழவி?

வித்தோல்ட்: இன்னுமா? மாமியாரா, பெரியம்மாவா, யாரா இருந்தாலும் சரி. நல்ல இல்லமா பாத்து நானே சேர்த்து விடறேன். என் மச்சான் மாதிரி பக்கத்து அறையில காத்திருக்க என்னால ஆகாது.

ப்ரோனியா: ஐயா... மேல யாரும் இல்ல. நான் சொன்னது எங்கம்மா சொன்ன கதை. நான் பொறந்து வளந்த... இல்ல, வளந்த வீடு இது. ஒரு நாள் கூட யாரையும் பாத்ததில்ல.

வித்தோல்ட்: மூலை அறையில, கட்டில்ல படுத்திருந்தாங்களே.

ப்ரோனியா: மூலை அறைச் சாவி என் கழுத்துல கிடக்கு. பாருங்க.

வித்தோல்ட்: கதவு திறந்துதான் இருந்துச்சு. வெள்ளைத் துணித் தொப்பி. முகம் இவ்வளவுதான், என் உள்ளங்கை அளவு. என்னைப் பாத்துப் பயப்படக் கூட இல்ல. நான்தான் மன்னிப்புக் கேட்டேன், என் சொந்த வீட்டுல.

ப்ரோனியா: ...பேசினாங்களா?

வித்தோல்ட்: பேசாம? யார் இப்படி அழுத்தி நடக்கறதுன்னாங்க. வீட்டை வாங்கினவன்னேன். கிட்ட வான்னாங்க.

ப்ரோனியா: எந்த பாஷையில?

வித்தோல்ட்: எந்த பாஷைன்னா... இருங்க. நம்ம பாஷையில... இல்லையே. ஜெர்மன் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனா புரிஞ்சுது. அப்ப எதுவும் தோணலை.

ப்ரோனியா: அப்புறம்?

வித்தோல்ட்: இனிமே தேநீர் நீதானே கொண்டு வருவேன்னு கேட்டாங்க. வயசானவங்களோட என்ன வாதம், சரின்னேன். கையை நீட்டினாங்க.

ப்ரோனியா: கொடுத்தீங்களா?

வித்தோல்ட்: கை நீட்டினா கொடுக்கறது எங்க தொழில் பழக்கம். சில்லுன்னு இருந்துச்சு. கணப்புப் போடாத அறைதானேன்னு நினைச்சேன்... ஏன் உக்காந்துட்டீங்க? ப்ரோனியாம்மா? எதுக்கு அழறீங்க இப்ப?

ப்ரோனியா: நாப்பத்திரண்டு வருஷம் ஐயா.

வித்தோல்ட்: என்ன நாப்பத்திரண்டு?

ப்ரோனியா: எங்கம்மா செத்து. அன்னியிலேருந்து தினமும் மூணு மணிக்கு நான் கொண்டு போறேன். கதவுக்கு வெளிய வச்சுட்டு நிப்பேன். குளிர்ல நிப்பேன், ஜுரத்துல நிப்பேன், மக கல்யாணத்தன்னிக்குக் கூடப் பாதியில எழுந்து ஓடி வந்து நின்னேன். ஒரு வார்த்தை கிடையாது. கோப்பை வச்சது வச்சபடி ஆறிக் கிடக்கும், எடுத்துட்டு வந்துடுவேன். நேத்து சாயங்காலம்தான் காலியா இருந்துச்சு. பூனைன்னு நினைச்சேன்... நேத்து வந்த உங்ககிட்ட பேசிட்டாங்களா?

வித்தோல்ட்: இருங்க, இருங்க. மணியும் கதையும் வீட்டைக் காப்பாத்திக்கப் பண்ணதுதானே?

ப்ரோனியா: வீடு யாருக்கு வேணும்? லெக்னிட்சால மக எனக்குன்னு ரூம் ஒதுக்கி வச்சு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் போட்டுட்டா. நான் பெட்டி கட்டி வச்சு முப்பது வருஷம் ஆகுது. எங்கம்மா சாகறப்ப கையைப் பிடிச்சு ஒண்ணுதான் சொன்னாங்க. அவங்க யார்கிட்டயாவது வாயைத் திறந்து பேசற வரைக்கும் நீ கொண்டு போ, பேசிட்டா அதுக்கப்புறம் அந்த ஆள் பாடு. என்கிட்ட பேசுவாங்கன்னுதான் காத்திருந்தேன். வாங்க வர்றவன் சுத்தியலோட வந்து கதவை உடைச்சுட்டா அவங்க எங்க போவாங்கன்னுதான் மணி கட்டினேன். அம்மாவும் ஒரே ஒரு நாள் கொண்டு போகாம இருந்து பாத்தாங்க. அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லலை.

வித்தோல்ட்: என்ன இது, சாவியை என் கையில எதுக்குத் திணிக்கிறீங்க? ப்ரோனியாம்மா, நில்லுங்க. படியில இறங்காதீங்க. ரெண்டு ரூமும் உங்களுக்குன்னு சொன்னேனே. எழுதித் தர்றேன். நான்... தேநீர் எப்படிப் போடறது, எதுல கொடுக்கறது, எலுமிச்சை பிழியணுமா, சர்க்கரை எத்தனை ஸ்பூன், எனக்கு எதுவுமே தெரியாதே.

ப்ரோனியா: உங்ககிட்டதான் பேசறாங்களே ஐயா. நீங்களே கேட்டுக்கங்க.